உட்பட

வாயைத் திறக்கக் கூடாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே சொல்லிவிட்டாள், சொன்னதோடு விடாமல் என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியமும் வாங்கிவிட்டாள். "அப்பா, இன்னிக்கு நீ யார்கிட்டயும் சண்டை போடக் கூடாது. என்ன நடந்தாலும் என்கிட்ட மட்டும்தான் பேசணும். நடுவுல சொல்லித் தரக் கூடாது, முதுகைத் தட்டக் கூடாது." பத்து வயதுப் பெண். கண்டிஷன் போடுவதில் அவள் அம்மாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வெங்காய மண்டியில் ஏலம் கூறிப் பிழைக்கிறவன் நான், விடியற்காலையில் லாரி வந்து நின்றதும் கத்த ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை நிறுத்த மாட்டேன், என்னைப் பார்த்து வாயை மூடு என்றால் எப்படி மூடுவது? ஆனால் மூடியிருக்கிறேன். இந்த ஏசி ஹாலில், முதுகில் குளிர் இறங்க, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என்னென்னவோ ஓடுகிறது. ஓடட்டும். உள்ளே ஓடுவதற்கு அவள் கண்டிஷன் எதுவும் போடவில்லை.

உட்பட. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தோம். அவள் அம்மா சுகந்தியின் செல்லுக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள்: குடும்பத்தோடு ஓர் இசைக் காலை, மாதந்தோறும் முதல் ஞாயிறு, எல்லாக் குழந்தைகளும் வரலாம், பார்வையற்ற குழந்தைகள் உட்பட. சுகந்தி அதைச் சத்தமாக வாசித்ததும் கயல்விழி தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு, "கடைசில என்னம்மா சொன்ன, இன்னொரு வாட்டி படி" என்றாள். படிக்க வைத்துக் கேட்டாள். அப்புறம் ஒரு வாரம் அந்த வார்த்தையை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொண்டே திரிந்தாள். தலை பின்னும்போது உட்பட. மாடிப்படி இறங்கும்போது, படிக்கு ஒன்றாக, உட்பட, உட்பட. எனக்கு அப்போதே அந்த வார்த்தை பிடிக்கவில்லை. மண்டியில் சாக்கு உட்பட எடை என்போம். சாக்கை யார் வாங்க வருகிறார்கள்? அது வெங்காயத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சுகந்திக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி, "நீதான் கூட்டிட்டுப் போகணும், போற இடத்துல உன் மண்டிக் குரலைக் காட்டாதே" என்று அவளும் தன் பங்குக்குச் சொல்லி அனுப்பினாள். காட்டவில்லையே. வாசலில் அந்த மஞ்சள் டீ சர்ட் பெண், குழந்தைகளின் பெயரை ஸ்டிக்கரில் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தாளே, அவளிடம்கூடக் காட்டவில்லை. "பாப்பா பேரு என்ன சார்?" கயல்விழி என்றேன். பேனா அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கயல்னு மட்டும் போட்டுடறேன் சார், க்யூட்டா இருக்கும்." விழியை வெட்டிவிட்டாள். ரொம்ப நல்ல மனசு அவளுக்கு, எங்களுக்கு வலிக்குமாம். பெயர் வைத்தபோது எங்களுக்குத் தெரியாது, தெரிந்த பிறகு மாற்றச் சொன்ன சொந்தக்காரர்களோடு இன்றுவரை எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. என் பெண்ணுக்கு அந்தப் பெயர் உயிர். பாதிப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், ஆமாம், பார்க்க மாட்டாள் என்றுதான் சொல்வேன், எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கெல்லாம் யாரும் பயப்படுவதில்லை. ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே, "என்ன எழுதியிருக்காங்கப்பா?" என்றாள். சொன்னேன். "ஏன், இடம் பத்தலையா?" என்றாள். இடம் தாராளமாக இருந்தது. மிச்ச இடத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை ஒட்டியிருந்தார்கள்.

மற்ற குடும்பங்களெல்லாம் நடுவில் விரித்த ஜமக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் சுவரோரம் நாற்காலி. "கூட்டத்துல யாராவது இடிச்சுடுவாங்க சார், இங்க சேஃப்." வாத்தியங்கள் மேஜையில் கிடக்கின்றன, சிவப்பு வட்டம் ஒட்டியது டிரம், பச்சை ஒட்டியது மணி, குழந்தைகளே ஓடிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரே தள்ளுமுள்ளு. இவளும் எழுந்திருக்கப் போனாள். அதற்குள் இன்னொரு மஞ்சள் டீ சர்ட் வந்து இவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பையைத் திணித்துவிட்டு, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனது. கிலுகிலுப்பை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு ஆட்டுவது. இவள் அதைக் காதோரம் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்து, "இது பாப்பா சாமான்" என்றாள், என்னிடம் இல்லை, பொதுவாக. என் கால் பெருவிரல் செருப்புக்குள் சுருண்டது. எழுந்து நின்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தால் போதும், இந்த ஹாலில் இருக்கிற கண்ணாடி எல்லாம் அதிரும். கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் ஜமக்காளத்தின் ஓரத்தில் ஒரு குண்டுப் பெண் கழுத்தில் மாட்டிய டிரம்மின் பெல்ட் உறுத்துகிறது என்று அவள் அம்மாவிடம் சிணுங்கிக்கொண்டிருந்தாள், இவள் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, "ஏய், எனக்கு உறுத்தாது, மாத்திக்கலாமா?" என்றாள். முடிந்தது வியாபாரம். இப்போது டிரம் இவள் மடியில், குச்சி கையில். தோலை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து, எங்கே தட்டினால் என்ன சத்தம் என்று நுனி விரலால் மெல்லச் சோதித்து வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் அம்மா என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

இதையெல்லாம் நடத்துகிறவனை எல்லோரும் பிரணவ் அண்ணா என்று கூப்பிட வேண்டுமாம். என் வயது இருக்கும் அவனுக்கு, காதோரம் நரைத்துவிட்டது, அண்ணாவாம். கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை, கெட்டவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும். வியர்க்க விறுவிறுக்கக் குதிக்கிறான், சின்னப் பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றுகிறான். நடுவில் வந்து நின்று அவன் சொன்ன முதல் விஷயம் இது: "இன்னிக்கு இங்க பேச்சே கிடையாது! என் வாய் பேசாது, கைதான் பேசும்! கை மேல போனா சத்தமா, கீழ வந்தா மெதுவா, கையை இப்படி மூடிட்டா நிறுத்து! எல்லாரும் என் கையையே பாருங்க!" நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். இத்தனை அப்பா, இத்தனை அம்மா, படித்தவர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், ஒருத்தர் முகத்திலாவது ஒரு சின்னச் சுளிப்பு வருமா என்று பார்த்தேன். எல்லோரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயல்விழி குனிந்து என்னிடம், "கையை எப்படி மூடினாரு?" என்றாள். முஷ்டி என்றேன். "சத்தம் வருமா அதுக்கு?" வராதும்மா. "ம்" என்றாள். ஆரம்பித்துவிட்டான். டிரம்மும் மணியும் தட்டும் கிலுகிலுப்பையும் சேர்ந்து ஹாலே கிடுகிடுத்தது, நாற்காலிக் கால் வழியாகச் சத்தம் என் தொடைக்கு ஏறியது. இவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, குச்சி பிசகாமல் விழுந்துகொண்டிருந்தது, பின்வரிசையில் தப்புத்தப்பாகத் தட்டிக்கொண்டிருந்த அப்பன்மார்களைக்கூட இவள் அடிதான் இழுத்து வழிக்குக் கொண்டுவந்தது. கோபத்தையெல்லாம் மறந்துவிட்டேன், சத்தியமாக மறந்துவிட்டேன். அப்போது அவன் கையை மூடினான். ஹால் முழுக்க ஒரே நேரத்தில் நின்றது. டொக், டொக். இவள் குச்சி மட்டும். அத்தனை நிசப்தத்தில் அது எவ்வளவு பெரிதாகக் கேட்டது, கூட்டமான தெருவில் செருப்பு அறுந்து நிற்கிறவள் மாதிரி என் பெண் தனியாகிப்போனாள். ஜமக்காளத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. உடனே பிரணவ், வாய் பேசாது என்றவன், வாயைத் திறந்து, "பரவால்ல, பரவால்ல! நம்ம கயலுக்கு எல்லாரும் ஒரு பெரிய கைதட்டல்!" என்றான். தட்டினார்கள். தப்பு பண்ணினதற்குக் கைதட்டல். அந்தக் குண்டுப் பெண் தப்பு பண்ணினால் தட்டுவார்களா? அவளைத் திருத்துவார்கள். என் பெண் சிரித்தாள். பல் தெரியாமல், உதடு மட்டும் கொஞ்சம் விரிந்து, யாருக்கோ வட்டி கட்டுகிற சிரிப்பு. இதை எங்கே கற்றுக்கொண்டாள்? வீட்டில் எங்கள் யாருக்கும் அப்படிச் சிரிக்கத் தெரியாது. இது முகத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். இருபது வயதில், முப்பது வயதில், நானும் சுகந்தியும் இல்லாத வருஷங்களில், எவனோ எதையோ அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கைதட்டுவான், இவள் இதே சிரிப்பைச் சிரிப்பாள். எனக்கு வேறு எந்தப் பயமும் இல்லை. அவள் ரோடு தாண்டுவாள், கியாஸ் அடுப்புப் பற்றவைப்பாள், எல்லாம் செய்வாள். இந்தச் சிரிப்புதான் பயம்.

அப்புறம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால், அதற்கும் அவள்தான் காரணம். பாட்டு கிளாஸில் இவளைத் தனியாக உட்கார வைத்தார்கள் என்று நான் போய்ப் போட்ட சத்தத்தில் அந்த டீச்சர் அழுதேவிட்டாள், அவள் மாமியார் வந்து தண்ணீர் கொடுத்தாள். நான் ஜெயித்துவிட்டேன். ஸ்கூல் ஆண்டு விழாவில் இவளைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்துப் பாட வைத்து, முன்னால் வேறு பிள்ளைகளை ஆட விட்டார்கள், நான் மேடையில் ஏறித் திரையைப் பிடித்து இழுத்தேன், கம்பியோடு வந்துவிட்டது. அதிலும் ஜெயித்தேன். தெருவில் நாலு பேர் கை கொடுத்தார்கள், நல்லாக் கேட்டீங்க அண்ணே என்றார்கள். போன மாதம் ஒரு நாள் நான் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கோபமே இல்லாமல், கணக்குப் பாடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "நீ ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வந்துடறப்பா. எனக்குத்தான் கிளாஸ் போயிடுது." நான் ஷூவைத் தேடுவதை நிறுத்தவில்லை. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். ஆகவே இன்று சத்தம் போட மாட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறும் அவளுக்கு வேண்டும், அதற்கு அடுத்ததும் வேண்டும். நான் கத்தினால் அது போய்விடும். நான் கத்தாவிட்டால் அந்தச் சிரிப்பு நிலைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஏசி வேறு நேராக என் மண்டையில் அடிக்கிறது.

அடுத்த தடவை அவன் கையை மூடியபோது ஒரு டொக் மிஞ்சியது. அதற்கடுத்த தடவையும். ஜமக்காளத்துப் பிள்ளைகள் இப்போது அதற்காகக் காத்திருக்கிறார்கள், கை மூடியதும் திரும்பி இவளைப் பார்க்கிறார்கள், டொக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். என் கை அவள் நாற்காலி முதுகில் கிடக்கிறது, அவள் முதுகுக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை, ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தட்டினால் சரியாக நிறுத்திவிடுவாள், அவன் கைக்கு முன்பே நிறுத்திவிடுவாள். தட்டக் கூடாது. ஏன் தட்டக் கூடாது என்று இப்போதுதான் புரிகிறது. நான் தட்டினால் எல்லோருக்கும் பிரச்சினை தீர்ந்துவிடும், அவன் கையை ஆட்டிக்கொண்டே காலம் தள்ளிவிடுவான். இவள் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். அப்புறம் இன்னும் மெதுவாக. அப்புறம் பார்க்கிறேன், குச்சி ஏறி இறங்குகிறது, தோலில் படவே இல்லை. மிஞ்சினால்தானே சிரிப்பார்கள். தட்டாமலே இருந்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. டிரம்மை அவளே கேட்டு வாங்கினாள், அந்த டிரம்மை வைத்துக்கொண்டு தட்டுகிற மாதிரி நடிக்கிறாள். சட்டென்று எழுந்து போய்விடலாமா, இவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, டிரம்மையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

எழுந்திருப்பதற்குள் கறுப்புத் துணிகள் வந்தன. "இப்ப ஒரு ஸ்பெஷல் விளையாட்டு" என்றான் பிரணவ். எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், பெரியவர்கள் உட்பட. பார்த்தாயா, அந்த வார்த்தை இப்போது அவர்கள் பக்கம் போய்விட்டது. மஞ்சள் டீ சர்ட்கள் வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தார்கள், எனக்கும் கட்டினார்கள், என் பெண்ணைத் தாண்டிப் போனார்கள். "எனக்கு?" என்று அவள் கேட்டது எனக்குத் துணிக்குள்ளே கேட்டது. "உனக்கு வேணாம்டா செல்லம்." நான் துணியை மேலே தள்ளிவிட்டேன், இதைக் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியாது. ஹாலே அல்லோலகல்லோலப்பட்டது, வீல் என்று கத்துகிறார்கள், தாய்மார் பிள்ளைகளைத் துழாவுகிறார்கள், ஒரு அப்பா மணியை மடியில் வைத்துக்கொண்டே மணி எங்கே என்கிறார். "ஏம்ப்பா எல்லாரும் இப்படிக் கத்துறாங்க?" கண்ணைக் கட்டியிருக்காங்கம்மா. "அதுக்கு ஏன் கத்தணும்?" அப்போதுதான் நடந்தது. பிரணவ் கையைத் தூக்கினான், பழக்க தோஷம், தூக்கின பிறகுதான் உறைத்தது, யார் பார்க்கப் போகிறார்கள்? கையைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தான். "தட்டுங்க!" தட்டினார்கள். "மெதுவா!" "சத்தமா!" அட பாவி. உனக்கு வாய் இருக்கிறது. கண் தெரிகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டதும் ஒரு நிமிஷத்தில் உனக்கு வாய் முளைத்துவிட்டது, காலையிலிருந்து இவள் ஒருத்திக்காக முளைக்காத வாய். இவள் நிமிர்ந்தாள். குச்சி தோலில் இறங்கியது. அந்தத் தாறுமாறுக்கு நடுவில் ஒரே ஒரு அடி மட்டும் ஒழுங்காக விழுந்தது. "நிறுத்து!" என்றான். இவள் நிறுத்தினாள், சொல் முடிந்த இடத்தில், சுத்தமாக. மற்றவர்களின் டொக்கும் டிங்கும் கிலுக்கும் சிந்திய பாசிமணி மாதிரி வெகுநேரம் உருண்டுகொண்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை. இவளுக்கு யாரும் கைதட்டவும் இல்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. என் பெண் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய.

துணியை அவிழ்த்தார்கள். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்கள். எப்படி இருந்தது என்று மைக்கை நீட்டினான். அந்தக் குண்டுப் பெண், "பயமா இருந்துச்சு அண்ணா" என்றாள். அவள் அம்மா மைக்கை வாங்கி, குரல் தழுதழுக்க, "நாமெல்லாம் எவ்ளோ கொடுத்து வச்சவங்கன்னு தெரிஞ்சுது சார். பாவம் இந்தப் பிள்ளைங்க" என்றாள். கைதட்டல். அத்தனை தலையும் சுவரோரம் திரும்பியது, சில கண்களில் தண்ணீர். மண்டியில் சொல்கிற வார்த்தைகள், சொல்லக் கூடாத வார்த்தைகள், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். ஒரு சின்னக் கை என் சட்டை நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தது. "உக்காருப்பா." சின்னக் குரல்தான். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது என்னுடையது, நான் திரையைப் பிடித்து இழுப்பதற்கு முன்னால் என் தொண்டையில் இருந்த குரல். உட்கார்ந்தேன். "கடைசி ரவுண்டு!" என்றான் பிரணவ். "பழையபடி என் கையைப் பாருங்க!" பழையபடி. கை மேலே போனது. தட்டினார்கள், இவளும் தட்டினாள், நடிப்பில்லை, முழங்கையிலிருந்து வீசித் தட்டினாள். கை மூடியது. ஹால் நின்றது. டொக். வழக்கமான அந்த ஒரு டொக். பிள்ளைகள் வாயைப் பொத்தத் தயாராகத் திரும்பினார்கள். டொக். டொக். டொக். இவள் நிறுத்தவில்லை. எல்லோரும் நின்றுவிட்டது அவளுக்குத் தெரியும், அத்தனை நிசப்தம் தெரியாமல் இருக்குமா, தெரிந்துதான் தட்டுகிறாள். "கயல், போதும்டா செல்லம்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. டொக். டொக். "கயல்விழி" என்றாள் இவள், தட்டிக்கொண்டே. "நிறுத்துன்னு வாயால சொல்லுங்க அண்ணா. இவங்க கண்ணைக் கட்டியிருந்தப்ப சொன்னீங்கல்ல? எனக்கும் அப்படியே சொல்லுங்க."

அவன் முஷ்டி இன்னும் அந்தரத்திலேயே இருந்தது. சிரிப்பு போய்விட்டது. மஞ்சள் டீ சர்ட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அந்த அம்மா தன் பெண்ணின் கிலுகிலுப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டொக், டொக், டொக். அவன் என்னைப் பார்த்தான். "சார், நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்களேன்." காலையிலிருந்து இந்த ஹாலில் என்னைப் பேசச் சொன்ன முதல் ஆள். இவள் தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள், அடி தப்பாமல், நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டே தட்டினாள். நான் என் வாய் மேல் விரலை வைத்துக் காட்டினேன். நன்றாகத் தெரிகிற மாதிரி, எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தேன். கை பேசும் என்றான் அல்லவா, பார்த்துக்கொள்ளட்டும். டிரம் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவன் முஷ்டியைப் பிரித்தான், கையைத் தொங்கப்போட்டான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கயல்விழி," என்றான். "நிறுத்து."

நின்றது. ஒரு அடிகூட மிஞ்சவில்லை.